உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளைக் காதால் கேட்பது எப்படி? மட்டக்களப்பிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஸ்டீவன் கிங்கின் 'த ஸ்டாண்ட்' முதலில் 1978இல் வந்தது. ஒரு கொள்ளை நோயில் உலகத்தில் பெரும்பாலானவர்கள் செத்துப்போக, மிஞ்சிய கொஞ்சப்பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. வெட்டிய பகுதிகளையெல்லாம் திரும்பச் சேர்த்து 1990இல் வந்த பதிப்பை ஒலிநூலாகக் கேட்டால் 47 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அது ஒரு புத்தகம் மட்டும். இந்த வகையில் தொடர் என்று இறங்கினால் மூன்று, ஐந்து, சிலது பத்துக்கும் மேலே போகும். நாலு அத்தியாயம் கேட்டுவிட்டுக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம், அதில் ஆச்சரியமும் இல்லை. கதை பிடிக்காமல் விடுகிறவர்கள் ஒருபக்கம் இருக்க, தப்பான இடத்தில், தப்பான குரலில், தப்பான வேகத்தில் கேட்டு அலுத்துப்போய் விடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் வேலைதான். தண்ணீர் தேடுவது, வேலி அடைப்பது, மிஞ்சிய டின்களை எண்ணுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது. அச்சில் படிக்கும்போது கண் அந்த இடங்களைத் தாண்டி ஓடிவிடும், யார் யாரைச் சுட்டார்கள் என்று பார்க்க. காதுக்கு அப்படித் தாண்டத் தெரியாது. உங்கள் கையும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும்போது, கதையில் ஒருவன் கிணறு தோண்டுவதை அரை மணி நேரம் கேட்பது எவ்வளவு சுகம் என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நீண்ட கதையைத் துண்டு துண்டாகக் காதால் கேட்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடும்போது மதுரை எரிகிற வரைக்கும் இரவிரவாக உட்கார்ந்து கேட்ட சனம் நாங்கள். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை 18 நாள் திருவிழாவாகவே நடக்கிறது, நாட்டை இழந்தவர்கள் காட்டுக்குப் போய்த் தப்பிப் பிழைப்பது உட்பட. ஆகவே "இவ்வளவு நீளமா?" என்று பயப்படத் தேவையில்லை.

முதலில்: எந்த மாதிரி அழிவு வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "அழிவுக் கதை" என்று தேடினால் குழம்பிப் போவீர்கள். என்ன அழிந்தது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நோய் வந்து அழிவது ஒன்று. கரண்டும் இலத்திரனியல் சாமான்களும் ஒரே நொடியில் செத்துப்போவது இன்னொன்று. இதில் வில்லியம் ஃபோர்ஸ்ட்சனின் 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' (2009) பேர்போனது, ஒரு தொடரின் முதல் புத்தகம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சிறிய ஊர், ஒரு தகப்பன், இன்சுலின் தேவைப்படும் மகள், குளிர்சாதனப் பெட்டி ஓடாத உலகம். 2022 நெருக்கடியில் இலங்கையில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது வீட்டில் சீனி வருத்தக்காரரை வைத்திருந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அரசியல் சார்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதைத் தாண்டிக் கேட்கலாம்.

நிலத்துக்கு அடியில் அடைந்து வாழ்வது அடுத்த வகை. ஹியூ ஹௌவியின் 'வூல்' 2011இல் ஒரு சிறுகதையாக வந்து, பிறகு வளர்ந்து மூன்று புத்தகத் தொடராயிற்று. லிஃப்ட் இல்லாத, நூற்றுக்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட நிலத்தடிக் கோபுரம், நடுவில் ஒரே ஒரு சுழல் படிக்கட்டு. முதல்முறை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் துப்பாக்கி குறைவு, மர்மம் கூட.

மெதுமெதுவாகச் சமூகம் சிதைவது நாலாவது வகை. ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஒஃப் த சோவர்' 1993இல் எழுதப்பட்டது, கதை தொடங்குவதோ 2024இல். மதில் கட்டிய தெருவுக்குள் இருக்கும் 15 வயதுப் பெண் எழுதும் நாட்குறிப்பு, பிறகு வடக்கு நோக்கி நடை. நாட்குறிப்பு என்பதால் காதுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கடுமையான கதை, லேசான மனதோடு தொடங்க வேண்டாம். இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு, 1998இல் வந்தது.

பிணங்கள் எழுந்து நடக்கும் வகை தனி. அதில் மெக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்ட் வோர் இசட்' (2006) முழுக்க நேர்காணல் வடிவம், அதனால் ஒலிநூலில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நடிகர் குரல் கொடுத்திருக்கிறார்கள். புத்தகமாகப் படித்தவர்களையும் திரும்பக் கேட்கச் சொல்வேன். அது தொடர் இல்லை, ஆனாலும் காதைப் பழக்க நல்ல சாமான்.

கடல் பெருகி ஊரை விழுங்கும் கதைகளும் நிறைய இருக்கின்றன. எங்கள் கரையில் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், கீழே வருகிறேன்.

சோதனைக்கு ஒன்று, காசில்லாமல்

காசு செலவழிக்க முன்னர் இந்த வகை உங்களுக்குச் சரிவருமா என்று பார்க்க வேண்டும். ஜாக் லண்டன் 1912இல் எழுதிய 'த ஸ்கார்லட் பிளேக்' பதிப்புரிமை முடிந்த குறுநாவல். லிப்ரிவொக்ஸ் என்ற தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பதிவு இலவசமாகக் கிடைக்கும். அந்தத் தளம் 2005இலிருந்து இயங்குகிறது, செயலியும் உண்டு. கதை நடப்பது 2073இல். 60 வருசத்துக்கு முன் வந்த கொள்ளை நோயில் தப்பிய ஒரு கிழவர் கடற்கரையில் இருந்து பேரப்பிள்ளைகளுக்குப் பழைய உலகத்தைச் சொல்கிறார், அவன்கள் பாதியை நம்புவதில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இது பிடித்தால் மற்றவையும் பிடிக்கும். இது அலுப்படித்தால் 47 மணி நேரத்துக்குள் தலையை விட வேண்டாம்.

லிப்ரிவொக்ஸில் வாசிப்பவர் தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை. ஒரே புத்தகத்துக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்டுப்பார்த்து எடுங்கள்.

காசு கொடுத்து வாங்குவது என்றால் ஓடிபிள்தான் பெரிய கடை. மாதச் சந்தாவுக்கு ஒரு 'கிரெடிட்' வரும், அதைக் கொடுத்து ஒரு புத்தகம் எடுக்கலாம், புத்தகம் 10 மணி நேரமானாலும் 47 மணி நேரமானாலும் ஒரே கிரெடிட். ஆகவே சின்னப் புத்தகத்துக்குக் கிரெடிட்டை வீணாக்காதீர்கள், நீளமானதற்கு வையுங்கள். சந்தாவை நிறுத்தினாலும் வாங்கிய புத்தகங்கள் உங்களிடமே இருக்கும், ஆனால் செலவழிக்காத கிரெடிட் போய்விடும். நிறுத்த முதல் எல்லாவற்றையும் செலவழித்துவிடுங்கள். டொலரில் வெட்டும் என்பதால் உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்வது நல்லது.

யூடியூப்பில் முழுப் புத்தகத்தையும் யாரோ ஏற்றிவைத்திருப்பார்கள். திருட்டு என்பது ஒரு பக்கம், கேட்கவும் சரிவராது. பிடிபடாமல் இருக்கக் குரலின் சுருதியை மாற்றியிருப்பார்கள், அத்தியாயங்கள் விட்டுப்போயிருக்கும், சிலதில் இயந்திரக் குரல் வாசிக்கும். பத்து மணி நேரம் கேட்டபின் கடைசி இரண்டு அத்தியாயம் இல்லையென்றால் யாரிடம் போய்க் கேட்பது?

தமிழில் இந்த வகை நீண்ட தொடராக, நல்ல வாசிப்போடு கிடைப்பது அரிது. ஆகவே ஆங்கிலத்தில்தான் கேட்கப்போகிறோம் என்று வைத்துக்கொண்டே மீதியை எழுதுகிறேன்.

குரலைப் பிடியுங்கள், கதை பிறகு

இலங்கை வானொலியில் நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது நாற்பது மணி நேரம் ஒரே ஆள் உங்கள் காதுக்குள் பேசப்போகிறார். அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் எவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதியும் பிரயோசனம் இல்லை.

எல்லாக் கடையிலும் சில நிமிட மாதிரி இலவசமாகக் கேட்கலாம். அதை வீட்டுக்குள் அமைதியாக இருந்து கேட்காதீர்கள், பஸ்ஸில் கேளுங்கள். ஓடுகிற பஸ்ஸில் சொல் பிரிந்து கேட்கிறதா என்பதுதான் சோதனை. சில வாசிப்பாளர்கள் பதற்றமான இடங்களில் கிசுகிசுப்பார்கள், அடுத்த வரியில் கத்துவார்கள். ஸ்டூடியோவில் நல்லாயிருக்கும், களுவாஞ்சிகுடி பஸ்ஸில் ஒன்றும் விளங்காது.

இரண்டாவது, பாத்திரங்களை எப்படிப் பிரிக்கிறார் என்று பாருங்கள். ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக் குரலில் பேசினால் அடுத்த ஆளைத் தேடுங்கள். நல்ல வாசிப்பாளர் வேகத்தையும் மூச்சையும் கொஞ்சம் மாற்றியே ஆளைக் காட்டிவிடுவார். என். கே. ஜெமிசினின் 'புரோக்கன் ஏர்த்' தொடரை ரொபின் மைல்ஸ் வாசித்திருப்பதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். 2016, 2017, 2018 என்று மூன்று வருசம் தொடர்ந்து, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் கொடுக்கும் ஹியூகோ விருதை எடுத்த மூன்று புத்தகங்கள் அவை. நிலநடுக்கத்தாலும் சாம்பலாலும் உலகம் அடிக்கடி முடிந்துபோகும் கதை. அறிவியல் புனைவும் மந்திரமும் கலந்தது, முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம், மூன்றாவது நாலாவதாக வையுங்கள்.

மூன்றாவது, தொடர் முழுவதற்கும் ஒரே வாசிப்பாளரா என்று வாங்க முதல் பார்க்க வேண்டும். நடுவில் ஆள் மாறினால் பழகின கதாநாயகி செத்து வேறொருத்தி வந்த மாதிரி இருக்கும்.

ஒழுங்கு

வெளிவந்த ஒழுங்கில் கேளுங்கள். கதைக்குள் நடக்கும் கால ஒழுங்கில் கேட்க வேண்டாம். 'வூல்' தொடரில் இரண்டாவது புத்தகம் முன்கதை. "முதலில் நடந்தது முதலில்" என்று அதை எடுத்துக் கேட்டால் முதல் புத்தகத்தின் மர்மம் முழுவதும் பொசுங்கிவிடும். இடையில் வரும் குறுங்கதைகளை விட்டாலும் ஒன்றும் குறையாது.

இறக்கி வைத்துக்கொள்வது

நேரடியாக இணையத்தில் ஓடவிட்டுக் கேட்காதீர்கள். வாழைச்சேனை தாண்டி ரயில் காட்டுக்குள் போனால் சிக்னல் வரும், போகும். கதாநாயகன் கதவைத் திறக்கப்போகும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

கணக்கு இதுதான். லிப்ரிவொக்ஸ் கோப்புகள் வழக்கமாக 64 கேபிபிஎஸ் (ஒரு செக்கன் ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) தரத்தில் இருக்கும், அது மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. பத்து மணி நேரப் புத்தகம் 290 எம்பிக்குள் அடங்கும். அதே தரத்தில் 47 மணி நேரம் என்றாலும் 1.4 ஜிபிக்குள். ஒரு சினிமாப் படத்தை இறக்குவதற்கு ஆகும் டேட்டாவில் ஒரு மாதத்துக்குக் கதை. 128 தரம் இரட்டிப்பு இடம் பிடிக்கும், பேச்சுக்கு அது தேவையில்லை. இரவு டேட்டா சும்மா கிடக்கிறது என்றால் படுக்க முதல் இறக்கப் போட்டுவிடுங்கள்.

திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் பற்றரி அதிகம் செலவாகாது. 2022இல் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். தொலைக்காட்சி இல்லை, மின்விசிறி இல்லை, வியர்த்தபடி முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கரண்ட் இல்லாத உலகத்தைப் பற்றிய கதையைக் கேட்டேன். கூப்பிட்டு யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கேட்கும் செயலியில் மூன்று வசதி இருக்கிறதா என்று பாருங்கள்: 15 அல்லது 30 செக்கன் பின்னால் போகும் பொத்தான், அடையாளம் வைக்கும் வசதி, நேரம் முடிந்ததும் தானாக நிற்கும் வசதி. மற்றதெல்லாம் அலங்காரம்.

எங்கே, எப்போது

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு 40 கிலோமீற்றருக்குக் கிட்ட. நின்று நின்று போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், போகவர இரண்டு மணி. வேலைக்குப் போய் வருகிறவர் வாரத்தில் ஐந்து நாள் கேட்டால் ஒரு கிழமைக்குப் பத்து மணி நேரம், அதாவது ஒரு நடுத்தரப் புத்தகம். ஒரே சிக்கல் பஸ்ஸில் போடும் பாட்டு. அதற்கு ரப்பர் மூடி வைத்த, காதுக்குள் இறுகும் வயர் இயர்போன்தான் மருந்து, விலை கூடியது தேவையில்லை.

கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போகிறவர்களுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் சும்மா கிடைக்கிறது. ஆனால் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் காது கேட்கும், தலை கேட்காது. கல்லோயாச் சந்தியில் நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து, மாகோவில் திரும்பத் தொடங்குங்கள்.

வீட்டு வேலையோடு கேட்பது இன்னும் நல்லது. மீன் வெட்டுவது, தேங்காய் துருவுவது, உடுப்பு மடிப்பது, முற்றம் கூட்டுவது. எண்ணிக்கை தேவைப்படும் வேலை, கணக்குப் பார்க்கும் வேலை கூடாது. மருதமுனையில் தறி போடும் ஒரு கூட்டாளி முயற்சி செய்து பார்த்தார், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நூல் சுற்றும்போது மட்டும் கேட்கிறார்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் இருந்து கேட்க முடியாது, காற்று இயர்போனுக்குள் புகுந்து இரையும். மார்கழி மழையில் தகரக் கூரைக்குக் கீழேயும் அதே கதிதான்.

சில இடங்களில் கேட்கவே கூடாது. மோட்டார் சைக்கிளில் போகும்போது வேண்டாம். ரயில் கடவையைக் கடக்கும்போது வேண்டாம். படுவான்கரைப் பக்கம் இரவில் வயல் காவலுக்கு வாடியில் இருக்கிறவர்கள் ஒரு காதில் மட்டும் போடுங்கள், சத்தத்தைக் குறைத்து. யானை வேலியை முறிக்கிற சத்தம் கதையில் வருகிறதா வயலில் வருகிறதா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதல் மூன்று மணி நேரத்தைக் கடப்பது

இதில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். பெயர்கள் கொட்டும், இடங்கள் கொட்டும், அமெரிக்க உச்சரிப்பு ஓடும். நான் சொல்வது: முதல் அத்தியாயத்தை 0.9 வேகத்தில் இரண்டு தரம் கேளுங்கள். 0.8க்குக் கீழே இறக்கினால் வாசிப்பவர் குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரி இழுக்கும். பழகியதும் 1 க்கு வாருங்கள், பிறகு 1.1, 1.2. அதற்கு மேல் இந்த வகைக்கு வேண்டாம். பாழடைந்த தெருவில் ஒருத்தி தனியாக நடக்கும் இடத்தை இரட்டை வேகத்தில் கேட்டால் அவள் ஓட்டப்போட்டியில் ஓடுகிறாள்.

ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும் என்று நிற்காதீர்கள். யார், எங்கே, என்ன வேண்டும் என்ற மூன்றும் விளங்கினால் போய்க்கொண்டே இருங்கள். அளவுகள் மட்டும் மனதில் இருக்கட்டும்: ஒரு மைல் 1.6 கிலோமீற்றர், ஒரு அமெரிக்க கலன் 3.8 லீற்றர், 100 டிகிரி ஃபாரன்ஹைட் என்றால் ஏறத்தாழ 38 செல்சியஸ், எங்கள் கடும் வெயில் மத்தியானத்துக்குக் கிட்ட. கதையில் அதைக் கேட்டு எல்லோரும் மயங்கி விழுவார்கள், நாங்கள் சிரிக்கலாம்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஆட்கள், காதில் விழுந்தபடி தமிழில் எழுதினால் போதும். வலது பக்கம் அவர்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது. டின் 40. நெருப்புப் பெட்டி 2. தோட்டா 11. ஒவ்வொரு அத்தியாயம் முடியவும் வெட்டி எழுதுங்கள், கடைக்காரர் கடன் கொப்பி வைப்பதுபோல. இது விளையாட்டாகத் தெரியும், ஆனால் இதுதான் இந்தக் கதைகளின் உயிர்நாடி. 11 தோட்டா வைத்திருந்தவன் அடுத்த புத்தகத்தில் முப்பது தரம் சுடுகிறான் என்றால் எழுத்தாளர் உங்களை ஏமாற்றுகிறார் என்று தெரிந்துவிடும்.

எங்கள் கண்ணால் சோதித்துக் கேட்பது

இது எல்லோருக்கும் கிடைக்காத வாய்ப்பு. இந்தக் கதைகளை எழுதுகிறவர்களில் பலர் கரண்ட் இல்லாமல் ஒரு கிழமை இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி, முப்பது வருசப் போர், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2022 எரிபொருள் வரிசைகள் எல்லாம் கடந்து வந்த இடத்திலிருந்து கேட்கிறோம்.

என் பெரியம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் ஒரு தொடரைக் கேட்டபடி அவருக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் ஒரு கூட்டம், இரண்டு வருசமாக மீன் பிடித்தும் மான் சுட்டும் வாழ்கிறது. பெரியம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்:

"அது சரி மகன், உப்புக்கு என்ன செய்யிறாங்க?"

"அதைக் கதையில சொல்லல்ல பெரியம்மா."

"அப்ப கருவாடு போடவும் ஏலாதே. மிஞ்சின மீனெல்லாம் அடுத்த நாளே நாறிப்போயிரும். இரண்டு வருசமாம்!"

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை நம்பவே இல்லை. நானும்தான். இப்போது எந்தத் தொடரைத் தொடங்கினாலும் முதல் கேள்வி உப்பு. அடுத்தது செருப்பு, பல்வலி, மூக்குக்கண்ணாடி, பெண்களின் மாதவிலக்கு. இவற்றில் இரண்டையாவது யோசித்திருக்கும் எழுத்தாளரை நம்பிப் பின்னால் போகலாம்.

எரிபொருளையும் கவனியுங்கள். சாதாரண பெற்றோல் சில மாதங்களிலேயே பழுதாகத் தொடங்கும். அழிவு நடந்து ஐந்து வருசம் கழித்துக் கைவிடப்பட்ட காரில் இருந்து பெற்றோல் உறிஞ்சி எடுத்து இன்னொரு காரை ஓட்டினால் அது கதை. 2022இல் இங்கே என்ன நடந்தது? பெற்றோல் தீர்ந்ததும் பழைய சைக்கிள்களை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டோம், சைக்கிள் விலை எகிறியது. நல்ல தொடரில் சைக்கிளும் மாட்டு வண்டியும் வரும்.

தண்ணீர். கதைகளில் கொதிக்கவைத்தால் எல்லாம் சரி. கிருமிக்குச் சரி, உப்புக்குச் சரிவராது. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்ததும் இறைத்து இறைத்துச் சுத்தப்படுத்தப் பார்த்தார்கள், பல இடங்களில் இறைக்க இறைக்க உப்புத்தான் கூடியது. மழைதான் காலப்போக்கில் கழுவியது. இதைத் தெரிந்து எழுதிய ஒரு தொடரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை. காலமும் அப்படித்தான். சூறாவளி விழுத்திய தென்னைக்குப் பதில் வைத்த பிள்ளை காய்க்க ஆறேழு வருசம். கதைகளில் ஒரு அத்தியாயம் தாண்டினால் தோட்டம் காய்த்துக் குலுங்கும்.

எனக்குப் பெரிய மனக்குறை மனிதர்களைப் பற்றியது. மூன்றாம் நாளே அயலவன் அயலவனைச் சுட்டுக் கொல்லும் தொடர்கள் ஏராளம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்த அந்த டிசம்பரில், வெளியிலிருந்து உதவி வர முதலே உள்ளூரிலிருந்து சமைத்த சோற்றுப் பார்சல்கள் வந்தன. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பாராமல் பள்ளிக்கூடமும் கோயிலும் பள்ளிவாசலும் திறந்துவிடப்பட்டன. சண்டை சச்சரவு பெரும்பாலும் பிறகு, நிவாரணப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது வந்தது. நிவாரணப் பட்டியலில் சண்டை பிடிக்கும் அத்தியாயம் உள்ள தொடர் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், உடனே வாங்குகிறேன்.

மனதைப் பார்த்துக்கொள்வது

கடல் வரும் கதை எல்லோருக்கும் பொழுதுபோக்கு இல்லை. வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால் ஸ்பீக்கரில் போடாதீர்கள், இயர்போனில் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் இந்த வகையையே ஒதுக்கி வைப்பது என் வழக்கம். ஷெல், பங்கர், ஆட்களைப் பிடித்துப்போவது வரும் அத்தியாயங்களும் அப்படித்தான். எங்கள் வயதுக்காரர் பலருக்கு அது கதைக்குள் நிற்காது. தாண்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பத்து நிமிடத்தில் கதை பிடிபட்டுவிடும்.

படுக்கையில் கேட்பதானால் நேரம் வைத்து நிறுத்துங்கள், தாக்குதல் நடுவில் நிற்காமல் அத்தியாய முடிவில் நிற்கும்படி. தூக்கத்தில் காதுக்குள் பிணங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் விடியும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

கூட்டாகக் கேட்பது

அக்கரைப்பற்றில் இருக்கும் ஒரு கூட்டாளியும் நானும் ஒரே தொடரை ஒரே வேகத்தில் கேட்கிறோம். கிழமைக்கு இத்தனை அத்தியாயம் என்று பேசி வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத் திட்டிக்கொள்வோம். "மச்சான், அந்த வைத்தியரை நம்பாத, பார்த்துக்க" என்று ஒரு செய்தி வந்தால் அன்றைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸே வேறு மாதிரி இருக்கும். ஒரே கட்டளை: முந்திக் கேட்டவர் வாயைத் திறக்கக்கூடாது. உடைப்பவர் அடுத்த தரம் கொத்துரொட்டி வாங்கித் தர வேண்டும்.

எப்போது நிறுத்துவது

முதல் புத்தகத்தில் பிழைப்பு, இரண்டாவதில் ஊர் கட்டுவது, மூன்றாவதில் பக்கத்து ஊரோடு யுத்தம். பல தொடர்கள் இந்தத் தடத்தில்தான் ஓடும். யுத்தம் வந்ததும் தண்ணீரும் டின்களும் மறக்கப்பட்டு, ஒரு கொடிய தலைவன் வந்து நீண்ட நீண்ட பேச்சுப் பேசுவான். விற்கிற வரைக்கும் எழுதிக்கொண்டே போகிற தொடர்களில் இது கூட. உங்கள் கொப்பியின் வலது பக்கம் மூன்று அத்தியாயம் தொடர்ந்து வெறுமையாகக் கிடந்தால் விட்டுவிடலாம், குற்றவுணர்வு வேண்டாம். கடைசியில் யார் தப்பினார்கள் என்று அறிய ஆசையாக இருந்தால் இணையத்தில் சுருக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

நல்ல தொடராக இருந்தாலும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இடையில் இரண்டு கிழமை விடுங்கள், நடுவில் சிரிப்பாக ஏதாவது கேளுங்கள். திரும்பி வரும்போது பழைய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஒருதரம் ஓடவிட்டு, கொப்பியைப் பார்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். அடுத்த புத்தகத்தை வாங்க முதல் அதன் மாதிரியையும் பஸ்ஸிலேயே கேட்டுப்பாருங்கள்.